ரெண்டு யூனிட்

லடாக்கிலிருந்து அவர் வரவில்லை.
ஹீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார்,
மப்ளரில் சுற்றி, செங்கோட்டுவேலின் பையில்.

‘அங்க ரிக் வண்டிக்கு ராத்திரியெல்லாம் இது எரியோணும்.
இல்லாட்டி டீசல் கூழாயிருமுங்கக்கா.’

போதமலை அடிவாரத்தில் எது கூழாகும்?
மார்கழியிலும் பதினாறு டிகிரிதான்.
ஆனால் பிக்கப்புக்கு இருபத்தாறு வயது.
ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றிப் பார்த்தாயிற்று.
கம்ப்ரஷன் இல்லை, என்ஜின் இறக்க எண்பதாயிரம் என்கிறார்கள்.
வெடியால நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினால்
சளி பிடித்த எருமையாட்டம் மூன்று தரம் இருமும்.
அப்புறம் அதுவும் இல்லை.

பதினேழு பால் கேன். தள்ள ஆள் வேண்டும்.

அக்கட்டால வீட்டில் லைட் எரியும்.
மச்சாண்டார் வருவார், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு.
கிணற்று வழக்கில் எங்களுக்கு எதிர்க்கட்சி.
நாமக்கல் கோர்ட்டில் என் முகத்தைப் பார்க்காதவர்
என் வண்டிக்குத் தோள் கொடுத்துத் தள்ளுவார்.
பேசமாட்டார்.
நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி கிளட்சை விடுவேன்.
நின்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான்.
நின்றால் வண்டி அணைந்துவிடும்.
நல்ல சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில் பாலை இறக்கிவிட்டு வந்ததும்
சாளைக்கு முன்னால் வேலை தொடங்கியது.
ரேடியேட்டர் தண்ணீரைச் சட்டியில் பிடித்தான் செங்கோட்டுவேல்.
டீ நிறம். நான் வருடக்கணக்கில் ஊற்றிய போர்த்தண்ணி.
என்ஜின் பிளாக்கின் விலாவில் ஒரு தகர மூடி,
சோடா மூடியைவிடப் பெரிது.
ஓரத்தில் உளியை வைத்து ஒரு தட்டு,
மூடி குறுக்கே திரும்பியது.
இடுக்கியால் இழுத்ததும்
ஒரு கை துருச்சேறு வெளியே வந்தது.
அவன் விரல் தடிமன், அந்தச் சந்தில் நுழையாது.
நானே விட்டுத் துடைத்தேன்.
எமெரித் தாள். கிரீஸ். ரப்பர் வளையம்.
சுருள் கம்பி உள்ளே எதிலும் இடிக்கக் கூடாது,
திருப்பித் திருப்பி வைத்து
நடு ஸ்க்ரூவை இறுக்கினான்.
‘தண்ணி இல்லாம சுவிட்சப் போட்டறாதீங்க, கருகிரும்.’

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.
கூலண்ட் ஊற்றிக்கொண்டிருந்தான்.
‘இன்னும் ரெண்டு லிட்டர் புடிக்கும்’ என்றான்.

சைலன்சர் சூடு படாமல் வயரை இழுத்துக் கட்டினான்.
பம்பருக்குக் கீழே ஒரு பிளக் தொங்கியது,
மூன்று பித்தளை முள்ளோடு.

அப்போதுதான் சுவரைப் பார்த்தோம்.

எங்கள் பக்க லைனில்
மிக்ஸி போட்டாலே டியூப்லைட் நடுங்கும்.
பெரிய சாக்கெட் எங்கள் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது.
அதன் சுவிட்ச் சுவருக்கு அந்தப்புறம்.
பாகப்பிரிவினையில் சுவர் அவருக்கு,
மீட்டரும் அவர் பேரில்.

கேட்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனையும்.

செங்கோட்டுவேல் போய்க் கேட்டான்.
நான் கேன்களைக் கழுவினேன், கழுவின கேன்களை.
மச்சாண்டார் வந்து வயரைத் தூக்கிப் பார்த்தார்.
‘எத்தன வாட்டு?’
‘ஆயிரமுங்க.’
‘எத்தன நேரம்?’
‘ரெண்டு மணி நேரமுங்க.’
‘அப்ப ரெண்டு யூனிட்டு.’
நாலு வருசத்தில் என் வாசலில் அவர் பேசியது அவ்வளவுதான்,
அதுவும் வயரிடம்.

மறுநாள் நாலு மணிக்கு பானெட்டைத் தூக்கி
பிளாக்கைத் தொட்டேன்.
கன்னுக்குட்டி வயிறு போல வெதுவெதுப்பு.
முதல் திருப்பலிலேயே பிடித்துக்கொண்டது.
அக்கட்டால லைட் எரிந்துகொண்டிருந்தது,
யாரும் வெளியே வரவில்லை.
இரண்டு மணிக்கு எழுந்து சுவிட்ச் போட்டவர்
மறுபடி தூங்கினாரா, தெரியாது.

காலண்டரில் தினமும் 2 என்று குறிக்கிறேன்.
மாதக் கடைசியில் கணக்குப் பார்த்து
பணத்தைச் சுவர் மேல் வைத்து ஒரு கல் வைப்பேன்.
பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில்
‘வாய்தா’ என்று முன்பே எழுதியிருந்தது.
அதற்குக் கீழே இடம் பார்த்து நுணுக்கி எழுதினேன்: 2.

அன்றைக்கும் பிளாக் சூடாகத்தான் இருந்தது.