ஆறாவது பொத்தான்

வீடு பார்க்கப் போகிறவர்கள்
சன்னலைத் திறந்து பார்ப்பார்கள்,
குழாயைத் திருகிப் பார்ப்பார்கள்.
நான் வாசலிலேயே நின்று
அழைப்புமணிப் பொத்தான்களை எண்ணுவேன்.
ஐந்துதான் என்றால் நடையைக் கட்டிவிடுவேன்.
ஆறோ அதற்கு மேலோ இருந்து
கட்டடமும் எழுபத்து நான்குக்கு முன் எழுந்ததென்றால்
வாடகைச் சட்டம் அங்கே குடியிருக்க வாய்ப்புண்டு.
வாய்ப்புதான்.
தரகரிடம் அதைக் கேட்டால்
சரியாக அப்போதுதான் அவருக்கு ஃபோன் வரும்.

எலி வளையானாலும் தனி வளை.
நியூயார்க்கில் எலிக்கு மட்டும்தான்
வாடகை ஏறுவதில்லை.

மூன்று வருடத்தில் நான்கு வீடு.
ஒருவர் மகனுக்குக் கல்யாணம் என்றார்,
ஒருவர் விற்கப்போவதாகச் சொன்னார்,
ஒருவர் காரணம் சொல்லும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.
என் அட்டைப்பெட்டி ஒன்றில்
'சமையல்' என்பதை அடித்து 'புத்தகம்',
அதையும் அடித்து 'குளிர்காலம்'.
உள்ளே கரண்டிகள்.

பிராங்க்ஸில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலையில்
அடிக்கல்லில் 1937 என்று செதுக்கிய கட்டடம்.
ஐம்பத்து நான்கு பொத்தான்கள்!
கோயில் மணியைத் தொடுவதுபோல் 4சி-யைத் தொட்டேன்.

சோராய்தா அல்மோந்தே கதவைத் திறந்தாள்,
விரலெல்லாம் ஒட்டுநாடா.
"மாதம் நானூறு டாலர் கூட்டிவிட்டான்.
முடியவில்லை, போகிறேன்.
வேண்டுமென்றால் நீ எடுத்துக்கொள்."

நான் கேட்டது ஒரே உதவி:
இந்த வீட்டின் வாடகை வரலாறு.
இங்கே இருப்பவர் கேட்டால்தான்
அரசு அலுவலகம் அனுப்பும்.
"அடுப்படிக்கெல்லாம் வரலாறா?"
என்று சிரித்தாள். ஆனாலும் எழுதிக் கேட்டாள்.
தன் ஃபோனில் என் பெயரை
'அல்பேனியாக்காரி, வீடு' என்று சேமித்துக்கொண்டாள்.

பதினாறு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.
மருத்துவமனைச் சலவையில் இரவு வேலை முடித்து,
கையில் பிளீச்சிங் நெடியோடு
நாலாம் எண் ரயில் பிடித்துப் போனேன்.
நாற்காலிகள் ஏற்கெனவே போய்விட்டிருந்தன.
தரையில் உட்கார்ந்து படித்தோம்.

வருடத்துக்கு ஒரு வரி.
எண்பத்து நான்கு, முந்நூற்றுப் பத்து.
தொண்ணூற்றொன்று, நானூற்று அறுபது.
நூலேணி ஏறுவதுபோல் மெல்ல மெல்ல
இரண்டாயிரத்துப் பதினொன்று, தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு.
பிறகு,
பதிவு காணப்படவில்லை.
பதிவு காணப்படவில்லை.
பதிவு காணப்படவில்லை.
அதற்கப்புறம் ஒரே தாவலில்
இரண்டாயிரத்து நூற்றைம்பது.

"அது நான் வந்த வருஷம்," என்றாள் சோராய்தா.

குளிர்பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது.
நான் வக்கீல் இல்லை.
ரயிலில் உட்கார்ந்து இப்படிப்பட்ட காகிதங்களை
நிறையப் படித்தவள், அவ்வளவுதான்.
விழுந்த பல்லின் இடத்தில்
நாக்கு போய்ப் போய்த் தடவுமே,
அப்படி அவள் விரல்
அந்த மூன்று வரிகளைத் தடவிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமைகளில்
தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள்,
இதைக் கொண்டுபோ என்றேன்.
எதிலும் கையெழுத்துப் போடாதே என்றேன்.
பிறகு என் வாய்
என்னைக் கேட்காமலே சொல்லிற்று:
"காலி செய்யாதே."

நெடுநேரம் அவள் என்னைப் பார்த்தாள்.
"அப்போ உனக்கு?"
பதில் எனக்குத் தெரியாது.
பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன்.
தெற்குப் பார்த்த சன்னல் அது,
மதியத்தில் தூங்கக் கிடைத்திருந்தால்
திரை வாங்கியிருப்பேன்.
எந்த நிறம் என்றுகூட யோசித்திருந்தேன்.

கத்தியை எடுத்து
'கோப்பைகள்' என்ற பெட்டியைக் கிழித்தாள்.
முதலில் வெளியே வந்த கோப்பையில்
எனக்குக் காபி. கைப்பிடி உடைந்தது.
காலியான பெட்டிகளை ஒவ்வொன்றாய் மடக்கி
கயிறு கட்டி என்னிடம் நீட்டினாள்:
"நல்ல பெட்டி. உனக்கு உதவும்."

கான்கோர்ஸ் காற்றில் அவை
என்னைப் பாய்மரம்போல் பக்கவாட்டில் இழுத்தன.
ரயிலில் எதிரே இருந்தவர்
"வீடு மாறுகிறீர்களா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
நல்லவேளை,
எங்கே என்று அவர் கேட்கவில்லை.