முதலில் அடிப்பக்கம்

முள்ளின்மேல் ஒரு சிட்டிகை மான்முடி,
நூலைத் தளர்வாக இரண்டு சுற்று.
மூன்றாவது சுற்றில் இழுத்தால்
நாயைக் கண்ட பூனைபோலச் சிலிர்த்து நிற்கும்.
நெருக்கித் தள்ளி இன்னொரு சிட்டிகை,
முள் நிறையும்வரை.

கிடைப்பது ஒரு பரட்டைத்தலை.
எனக்குப் புதிதில்லை. பிளாக்வில்லில்
ஆற்றுக்கு இந்தப் பக்கம் முடிவெட்டும் நாற்காலி
என்னுடையது ஒன்றுதான்.
மனிதத் தலையில் கோணல் விழுந்தால்
பத்து நாளில் சரியாகிவிடும் என்பேன்.
மான்முடியிடம் அப்படிச் சொல்ல முடியாது.

இந்தத் தோல் மர்டாக் கிளவ்ஸ்டன் தந்தது.
மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருகிறவர்
பிப்ரவரியில் வந்து தொப்பியைக் கழற்றினார்.
மருந்து எல்லாவற்றையும் எடுத்திருந்தது,
புருவத்தைக்கூட.
எதை வெட்ட, என்றேன்.
கழுத்துப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிவிடு, என்றார்.
துணியைப் போர்த்தினேன். நுரை, கத்தி.
ஒன்றுமே இல்லாத கழுத்தை
நேர்க்கோடு பார்த்து ஒதுக்கினேன்.
ஹாக்கி பேசினோம், அவருடைய அணி தோற்றிருந்தது.
காசு வேண்டாம் என்றதற்கு முறைத்துவிட்டு
வண்டியிலிருந்து இதைக் கொண்டுவந்து போட்டார்:
நவம்பரில் சுட்டது,
உப்பிட்டு உலர்த்திய ஒரு முழத் துண்டு.

இரவு, சமையலறை மேசை.
பிளேடை இரண்டாக ஒடித்து
பாதியை விரல்களுக்கிடையில் வில்லாக வளைக்கிறேன்.
முதலில் அடிப்பக்கம், தட்டையாக, ஒரே இழுப்பு.
முள்ளின் வாய் திறந்திருக்க வேண்டும்,
இல்லையென்றால் ஈ அழகாக இருக்கும்,
சால்மன் கவ்விப் பார்த்துவிட்டுப் போய்விடும்.
பிறகு மேலே, சுருட்டு வடிவத்துக்கு,
கொஞ்சம் வெட்டி, திருப்பி, ஊதிப் பார்த்து.
நூலுக்கு ஒரு மயிரிழை மேலே பிளேடு நிற்க வேண்டும்.
இந்தத் தொழிலில் மயிரிழை உவமை இல்லை,
அளவு.

மூன்றாவதில் நூலை அறுத்துவிட்டேன்.
ஒரு மணிநேர வேலை புஸ்ஸென்று விரிந்து
வெண்ணெய்த் தட்டில், கம்பளிச் சட்டையில்,
ஆறிப்போன தேநீரில்.
தேநீரில் விழுந்தவை மிதந்தன.
ஒவ்வொரு முடியும் உள்ளே காற்று,
குளிருக்கென்று அந்த மான் சேர்த்துவைத்தது.
கரண்டியால் அமுக்கினேன். ஏறி வந்தன.
மறுபடி அமுக்கினேன், எதற்கென்று தெரியாமல்.

பிறகு நான்காவதற்கு நூல் கோத்தேன்.
சனிக்கிழமை வருவார்.
ஜூனில் ஆற்றில் இறங்குவீர்களா என்று
நான் கேட்கப்போவதில்லை.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி,
வெளிச்சத்தில் பிடித்து,
கோணலாக இருக்கிறதே, என்பார்.
பத்து நாளில் சரியாகிவிடும்
என்பேன்.