கரண்ட் போன நேரம்

பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது.
பச்சை விளக்கு எரிகிறது.
திரை மட்டும் கறுப்பில்.
நோ சிக்னல் என்ற எழுத்து
இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடக்கிறது,
ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிறவர் மாதிரி.

மாடிப்படியில் சோலைமலை உட்கார்ந்திருக்கிறான்.
விடியக்காலம் அவன் அப்பா போய்விட்டார்.
நாலு மணிக்குத் தத்தனேரிக்கு எடுக்கிறார்கள்.
ஒரு மணிக்குள் போஸ்டர் பிரஸ்ஸுக்குப் போகணும்.
"வேற படம் இல்லக்கா.
ஆதார்ல இருக்கிறது அவரு மாதிரியே இல்ல.
பாப்பா காதுகுத்துக்கு எடுத்தோம்ல,
அது உங்க கம்ப்யூட்டர்லதான் கிடக்கு."

கிடக்கிறது, எனக்குத் தெரியும்.
பத்துக்குப் பன்னிரண்டு பிளக்ஸ்.
தாய்மாமன் வகையில் பதினோரு தலை,
நடுவில் கிரீடம் வைத்த பாப்பா,
இடது மூலையில் கும்பிட்டபடி அவர்,
வருக வருக என்று.

கேபிளை மாற்றினேன்.
கீபோர்டைப் பிடுங்கினேன், மௌஸைப் பிடுங்கினேன்.
பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சு.
செல்லூரில் எல்லார் வீட்டுச் சாமானுக்குள்ளும்
அடுத்த வீட்டுத் தறி கொஞ்சம் இருக்கும்.
பெயின்ட் பிரஷால் தள்ளியபோது
ஒரு பல்லிமுட்டை, ஓடு மட்டும், உருண்டு வந்தது.
மறுபடி அமுக்கினேன்.
விசிறி. விளக்கு. கறுப்பு.

மெஷின் சொல்லத்தான் செய்கிறது.
போர்டு ஓரத்தில் சுண்டைக்காய் அளவு ஸ்பீக்கர்.
எத்தனை தடவை கத்துகிறது, நீளமா குட்டையா,
எண்ணத் தெரிந்தால்
எங்கே வலி என்று தெரிந்துவிடும்.
காதை வைத்தேன்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு பவர்லூம்
தடக்குத் தடக்கு தடக்குத் தடக்கு.
போய் நிறுத்தச் சொல்லலாம்.
போன மாசம் தண்ணீர் மோட்டார் சண்டைக்குப் பிறகு
ஜோதிபாய்க்கும் எனக்கும் பேச்சில்லை.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.

ஆறு தறியும் இழுத்து இழுத்து நின்றன.
தெருவில் யாரோ அயிரை மீனுக்கு விலை பேசுவது
இரண்டாம் மாடிக்குக் கேட்டது.
"போச்சாக்கா?" என்றான் சோலைமலை.
"பேசாத" என்றேன்.
யு.பி.எஸ். ஏழு நிமிடம் தாங்கும்,
அதுவும் போன வருஷக் கணக்கு.
அமுக்கினேன்.
யு.பி.எஸ். தன் பாட்டுக்குக் கீச்சிட்டது, அது வேறு குரல்.
அதைக் கழித்துவிட்டுக் கேட்டால்
அடியிலிருந்து
நீளமாக ஒன்று.
நீளமாக இன்னொன்று.
இன்னொன்று.

ரேம்.
நினைவு அது இது என்று உவமை சொல்ல நேரமில்லை.
அணைத்துவிட்டு, கட்டிலின் இரும்புக் காலை ஒருமுறை தொட்டு,
கிளிப்பை விலக்கி எடுத்தேன்.
தங்க நிறப் பற்களில் கறுப்பு ஏறியிருந்தது.
இன்பாவின் ஜாமெட்ரி பாக்ஸில்
ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர்.
நாலாம் வகுப்புத் தப்புக் கணக்கை
அழிக்கிற அழுத்தம் போதும். தேய்த்தேன்.
ஊதவில்லை, எச்சில் படும்.
பொருத்தியபோது டக் என்றது, ஒரு பக்கம்தான்.
கட்டைவிரல் சிவக்க அமுக்கினேன்.
மறுபக்கமும் டக்.

குட்டையாக ஒரே ஒரு பீப்.

எழுத்து வந்தது.
தேதி தப்பு என்றது. போர்டில் இருக்கிற
காசு மாதிரி பேட்டரியும் எப்போதோ செத்திருக்கிறது.
மறந்துபோன நாளுக்கு மெஷின் போடுவது
ஒன்று, ஒன்று, இரண்டாயிரத்து ஒன்பது.
தொடர எஃப் ஒன்றை அமுக்கவும்.
அமுக்கினேன்.

யு.பி.எஸ். நிறுத்தாமல் அலறத் தொடங்கியபோது
கரண்ட் வந்தது, தடக்குத் தடக்கு.
"வந்துருச்சு" என்று கத்தினேன்,
எதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.
சோலைமலை ஓடி வந்தான்.

மாமன்களை நீக்கினேன். கிரீடத்தை நீக்கினேன்.
வருக வருகவை நீக்கினேன்.
"கும்பிட்ட கைய எடுத்துரட்டுமாப்பா?"
"இருக்கட்டும்க்கா" என்றான்.
மறைவு என்பதற்கு நேரே இன்றைய தேதி.
தோற்றம்?
அவனுக்குத் தெரியவில்லை.
அம்மாவுக்கு போன் போட்டான், அங்கே ஒப்பாரிதான் கேட்டது.
சட்டைப்பையிலிருந்து ஆதாரை எடுத்துப் பார்த்தோம்.
ஒன்று, ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு.

அப்படியே அடித்தேன்.