ஏழாவது பாதை

இரவு ரெண்டு நாற்பதுக்கு
ஒரு வெள்ளைக் கார் என் பெட்டிக்கு முன்னால் நின்றது.
ஸ்டிக்கரில் பணம் இல்லை.
கம்பி எழவில்லை. கண்ணாடி இறங்கியது.

முதலில் வந்தது அவள் முகம் அல்ல, வாசனை.

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் எனக்கு இது நாலாவது வருஷம்.
டீசல் தெரியும். பிரேக் கருகினால் தெரியும்.
ஓசூர் ரோஜாக்கட்டு,
தக்காளி லாரியில் அடிக்கூடை நசுங்கியது,
மே மாதத்து மாங்கூழ் டேங்கர்,
எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ரசீது போடுவேன்.
இது எதிலும் சேரவில்லை.

வாசனைக்குச் சூடு உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.
இஸ்திரி போட்ட சேலையை
மடித்த கையோடு கன்னத்தில் வைத்த மாதிரி.
அதற்குப் பின்னால் கொஞ்சம் இனிப்பு:
கப் ஐஸ் தீர்ந்த பிறகும்
மரக்கரண்டியை விடாமல் சப்பிக்கொண்டிருந்தால்
நாக்கில் நிற்குமே, அது.

‘ரெட்டைக் கட்டணம் மேடம்’ என்று சொல்ல வாயெடுத்து
‘என்ன சென்ட் மேடம்’ என்று கேட்டுவிட்டேன்.

‘ஆம்பர்.’

‘ஆம்பூரா? நேராப் போங்க.
பர்கூர் தாண்டி, வாணியம்பாடி தாண்டி.’

அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.
ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.
நிமிர்ந்தபோது பார்த்தேன்.
என் வயசுதான். கண்மை கன்னம்வரை இறங்கியிருந்தது.
அது இப்போது சிரித்ததில் இறங்கியது அல்ல.
பின் சீட்டில் ஒரு சூட்கேஸ்,
உறை போடாத தலையணை, ஒரு பிரஷர் குக்கர்.

குக்கரோடு யாரும் டூர் போவதில்லை.

‘ஆம்பர்னா ஒருமாதிரி பிசின்.
அதோட வெனிலா’ என்றாள்.
எனக்குத் தெரிந்த பிசின்
வேப்பமரத்தில் வடிவது, ஸ்கூல் நோட்டில் லேபிள் ஒட்டுவது.
அதற்கு இப்படி ஒரு அக்கா இருப்பதை
யாரும் சொல்லவில்லை.

பின்னால் நாமக்கல் லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

‘கையை நீட்டுங்க, பாஞ்சாலை.’
சட்டையில் குத்தின பேரைப் படித்திருக்கிறாள்.
காசுக்கு என்று நினைத்து நீட்டினேன்.
மணிக்கட்டில் ஒரு புஸ்.
ஜில்லென்றது, அவ்வளவுதான்.
‘தேய்க்காதீங்க. தேய்ச்சா செத்துரும்.
விட்டீங்கன்னா அதுவா சூடாகும்.’

ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தாள்.
சில்லறை எண்ணி நிமிர்வதற்குள்
கம்பி எழுந்துவிட்டது. போய்விட்டாள்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
ஆம்பூராகவே இருக்கலாம்.

லாரிக்காரன் வந்தான்,
அவனுக்குப் பின்னால் பால் வண்டி,
அதற்குப் பின்னால் பெங்களூர் பஸ்.
ஒவ்வொரு முறை கை நீட்டும்போதும்
என் கையிலிருந்து யாரோ ஒருத்தி நீண்டாள்.

ஆறு மணிக்குத் திம்மராயன் கல்லாவை எண்ணினார்.
குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்.
கூடினால் எழுதிக் கேட்பார்.
கூடியிருந்தது.
நோட்டுக்கட்டை மூக்குக்குக் கொண்டுபோய்
‘யாரும்மா கேக்கு வாங்கியாந்தது?’ என்றார்.

படிவத்தில் எழுதினேன்:
மீதித்தொகை பெறாமல் சென்றார்.
காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சநேரம் பேனா நின்றது.
அவசரம்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காவேரிப்பட்டணம் டவுன்பஸ்ஸில்
பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டோடு உட்கார்ந்தவள்
ரெண்டுதரம் திரும்பிப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

வீட்டில் இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே குளித்தேன்.
அரிசி களைந்தது வலது கையால்.
அவர் ‘என்ன, இன்னைக்கு லேட்டு’ என்றார்.
லாரி அதிகம் என்றேன்.

விசிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது,
போவதென்றால் இந்த வீட்டில் எதை எடுத்துக்கொள்வேன் என்று
சும்மா ஒரு கணக்குப் போட்டேன்.
ரெண்டாவது விசிலுக்குள் முடிந்துவிட்டது.

மணிக்கட்டு இன்னும் சூடு.
குக்கர் கைப்பிடி ஸ்க்ரூ
போன வாரத்திலிருந்தே ஆடுகிறது.
இறுக்க வேண்டும்.