காலி எடை

பணகுடியில் ஆனி பிறந்தால்
காற்றுக்கு வேறு வேலை இல்லை.
எடைமேடைக் கூண்டின் கண்ணாடியை
மணல் வந்து தேய்க்கும்.
உள்ளே என்னை
என் இமைகளே தேய்க்கும்.

லாரி ஏறும். எண் நிற்கும். சீட்டு அடிப்பேன்.
நிறை எடையில் காலி எடை போனால் சரக்கு.
பதினோரு வருஷமாக இதுதான் கணக்கு.

கண்ணுக்கும் ஒரு தராசு உண்டு:
கீழிமையில் மடித்துச் செருகும் தாள், ஐந்து நிமிஷம்,
ஈரம் ஏறிய தூரம் மில்லிமீட்டரில்.
வலது இரண்டு. இடது ஒன்றரை.
"பத்தாச்சும் இருக்கணும்மா"
என்றார் டாக்டர் சங்கரவடிவு.

நோய்க்கு யாரோ வெள்ளைக்காரர் பேர்.
வடக்கன்குளத்தில் அது யார் வாயிலும் நுழையவில்லை.
"கண்ணுல காய்ச்சல்" என்று மைனி சொல்லப்போக
தம்பி ஓடிப்போய்ச் சுரத்துக்கு மாத்திரை வாங்கிவந்தான்.

என் ரத்தத்தின் காவல்
என் கண்ணீர்ச் சுரப்பியைப் பார்த்து
நீ யார் என்று கேட்டுவிட்டதாம்.
எச்சிலிடமும் அதே கேள்வி.
நற்கருணை அப்பம் மேலண்ணத்தில் ஒட்டி
பூசை முடிந்து கொடிமரம் தாண்டியும்
கரையாமல் கிடக்கும்.

கல்யாண வீடுகளில் மட்டும் எனக்கு மவுசு.
சின்ன உள்ளி மூட்டை என் முன்னால்தான் விழும்.
"ரெஜினாளுக்கு ஒண்ணும் செய்யாதுட்டி."
செய்யும். எரியும். வராது.

அப்பாவை எடுத்த அன்றும் வரவில்லை.
கல்லுமனசு என்று யாரோ சொன்னது
நன்றாகவே கேட்டது.
கைப்பையில் மருந்துப் பாட்டில் இருந்தது,
இரண்டு சொட்டு விட்டிருந்தால் கன்னத்தில் வழிந்திருக்கும்.
விடவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஆஸ்பத்திரி மூன்றாம் மாடி.
பதினான்கு பக்கச் சம்மதத் தாள்.
சோதனை என்ற சொல் முப்பத்தோரு இடத்தில், எண்ணினேன்.
குணமாகும் என்று ஓரிடத்திலும் இல்லை.
சோதனை வேண்டாம் என்று
தினமும் முழங்காலிட்டுக் கேட்கிறவள்
பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டேன்.

எந்த ஊரோ, யாரோ ஒருத்தி
பிள்ளை பெற்ற அன்று வெட்டிய தொப்புள்கொடி.
தாயத்துக்குள் போகாமல் உறைகுளிருக்குள் போனது.
அதிலிருந்து வளர்த்த செல்கள்
என் புருவ ஓரத்தில் இறங்கி
இது அந்நியம் இல்லை, விட்டுவிடு என்று
என் ரத்தத்திடம் சாட்சி சொல்ல வேண்டும்.
சாட்சிதான் அந்நியம்.

அதுவும் எல்லோருக்கும் கிடையாது.
பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர்.
யாருக்கு எது என்று டாக்டருக்குத் தெரியாது.
ஊசியை எடுத்துக்கொடுத்த முத்துப்பேச்சிக்கும் தெரியாது.
"வலிக்காக்கா?"
"பரவால்ல."
குளிர்ந்த ஏதோ ஒன்று உள்ளே போனது.
எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

மேலப்பாளையம் மைமூன் பீவிக்கும் அன்றுதான் ஊசி.
"ரெண்டு பேருல ஒருத்திக்கு உப்புத்தண்ணி,
அது நானாத்தான் இருக்கும், என் ராசி"
என்று சிரித்தாள்.
சிரித்துக் காய்ந்த வாய்க்கு
என் பாட்டிலில் இருந்து குடித்தாள்.

மூன்றாம் மாதம் மூன்றரை.
ஐந்தாம் மாதம் திரும்ப மூன்று.
முத்துப்பேச்சி கைதட்டினாள்.
டாக்டர் எழுதிக்கொண்டார், சிரிக்கவில்லை.
உப்புநீர் போட்டவங்களுக்கும் சில சமயம் ஏறும், பார்ப்போம் என்றார்.
அவர் பேரில் கோபம் வரவில்லை.
நானும் எண் ஆடி நிற்கும்வரை
சீட்டு அடிக்கிறவள் இல்லை.

ஆனால் என் காலி எடை யாரிடமும் இல்லை.
நோய்க்கு முன்னால்
எவ்வளவு அழுவேன் என்று
எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

புரட்டாசியில், மைனி மகள் நிச்சயதார்த்தம்.
மூட்டையில் பாதி உரித்திருப்பேன்.
வலது கண்ணில் ஒன்று திரண்டு
மூக்கோரம் இறங்கி உதட்டில் நின்றது.
யாரும் பார்க்கவில்லை.
அந்த ஒருத்தியின் கொடியா,
வெறும் நீரா,
ஆடிக்காற்று அடங்கிப்போனதாலா?
நாக்கால் தொட்டேன்.
கரித்தது.
இரண்டுமே கரிக்கும்.

மறுநாள் காலை மேடையில் எம்சாண்ட் லாரி.
எண் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.
"யக்கா, சீட்டு" என்று ஹாரன் அடிக்கிறான்.
இருடே.