இருபத்திரண்டாவது சென்டிமீட்டர்

இனாண்டா அணைக்கு மேலே,
ஆறு சோம்பி வளையும் இடத்தில்
சிபோனேலோ படகை நிறுத்துகிறான்.
குழாயை இறக்குகிறேன்.
சேறு மறுப்பே சொல்லாமல் வாங்கிக்கொள்கிறது.

கரையில் கெளுத்தி அறுக்கும் நொம்புசோ கேட்கிறாள்:
தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது?
தெளிவுதான்.
கனமானதெல்லாம் கீழே போய்
உட்கார்ந்துவிட்டது.

ஆய்வகத்தில் நீளவாக்கில் அறுத்தால்
கறுப்பு, பழுப்பு,
ஏதோ வெள்ளத்தின் மணல்,
மக்காத ஒரு கரும்புச் சோகை.
சென்டிமீட்டருக்கு ஒரு சீட்டு.

இருபத்திரண்டில் பாதரசம் எகிறுகிறது.
கணக்குப் போட்டேன்.
அப்பா ஆலையில் சேர்ந்த வருஷம்.
துறைமுகத்திலிருந்து வந்த பீப்பாய்களை
உலைவாய்க்கு உருட்டும் வேலை.
முதல் சம்பளத்தில் எனக்குக் கறுப்பு ஷூ,
அம்மாவுக்குக் குக்கர்.

பதினெட்டில்
சட்டைப் பொத்தான் அவருக்கு அடங்கவில்லை.
சாஸரில் தேநீர் எப்போதும் குளம்.

பதினேழில் வங்கிக்காரி
செக்கைத் திருப்பித் தள்ளினாள்:
மிஸ்டர் வீராசாமி, கையெழுத்து ஒத்துவரவில்லை.
மூன்று தடவை போட்டார்.
மூன்றும் மூன்று ஆள்.
வரிசையில் பின்னால் நின்றவர்கள்
குடித்திருக்கிறான் என்றார்கள்.
நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினான்கில் அவர் இல்லை.
அதற்கு மேலும் எண்கள் இறங்கவில்லை.

அவர் கை விட்டுப்போன எழுத்தை
ஆறு பிசிறின்றி எழுதி வைத்திருக்கிறது,
கோடு கோடாக.
எந்த வங்கியும் ஒப்புக்கொள்ளும்.

படிவத்தின் அடியில்
மாதிரி எடுத்தவர் என்று ஒரு கோடு.
பேனாவைத் திறந்துவிட்டு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
என் விரல்களை.