தொழுவத்துக்கு வெளியே

கம்பளத்தைப் பிடுங்கி எறிந்தாயிற்று.
அடியில், முன்பு குடியிருந்தவர்களின் பூனைமயிர்,
ஒரு பித்தான், பதினோரு வருடத் தூசி.
சன்னல் மூலையில் கறுப்பாய்ப் பூத்த பூஞ்சையை
நான் தொட்டால் இரவெல்லாம் இழுக்கும் என்று
மச்சான் கோர்பினியன் வந்து சுரண்டினான்.

சிகரெட்டை விட்டது நவம்பரில்.
கடைசிப் பெட்டியில் மூன்று மிச்சமிருந்தன.
ஒளிப்பானேன், மூன்றையும் குடித்துவிட்டுத்தான்.

அப்பாவுக்கு மே மாதம் முழுக்கத் தும்மல்.
அக்காவுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான்.
எனக்கு இளைப்பு.
பிரித்துக்கொள்ள நிலம் இல்லாத வீட்டில்
பாகம் கேட்காமலே வந்து சேர்ந்தவை.

"புகை கூடாது, அதில் பேச்சே இல்லை"
என்றாள் மருத்துவச்சி ட்ஸ்வெர்கர்.
"தாய்ப்பால், முடிந்தவரை. ஈரம் தங்காத அறை.
மற்றதெல்லாம் உதவலாம், உதவாமலும் போகலாம்."
"மாட்டுத் தொழுவம்?" என்று கேட்டாள் வெரோனி.
அங்கே புழங்கி வளரும் பிள்ளைகளுக்கு
இளைப்பு குறைவு என்று படித்திருக்கிறாள்.
"அதுவும் அந்த 'லாம்'தான்.
காய்ச்சாத பால் மட்டும் வாயில் படக்கூடாது."

ஆகவே ஞாயிறுதோறும் மலையேறுகிறோம்.
கோர்பினியனுக்குப் பத்தொன்பது மாடுகள்.
வெரோனி குவிரினைத் துணியில் கட்டிக்கொண்டு
உள்ளே போகிறாள்.
நான் பனியில் நிற்கிறேன்.

இந்த வாசலை ஒருமுறை தாண்டியிருக்கிறேன்,
பெண் கேட்டு வந்த அன்று.
பேச்சு தொடங்குமுன் மூச்சு நின்றது.
கெம்ப்டன் மருத்துவமனையில்
குழாய் மாட்டிய முகத்தோடுதான்
மாமனாரிடம் சம்மதம் வாங்கினேன்.

என் தொண்டையை நெரித்த அதே தூசியை
என் மகனுக்கு ஊட்டுகிறார்கள்,
நான் சம்மதித்து,
நானே வண்டியோட்டிக் கொண்டுவந்து.

சட்டைப்பையில் நீல இன்ஹேலர்.
உள்ளே சங்கிலி உரசல், கறவை இயந்திரத்தின் முனகல்,
கோர்பினியன் மாட்டை வைவது.
பிறகு ஒரு தும்மல். சின்னது.
மாடா, அவனா?
அடுத்ததற்குக் காத்திருக்கிறேன்.
நாற்பதுவரை எண்ணுகிறேன்.
என் மூச்சை நான்தான் பிடித்துவைத்திருக்கிறேன் என்பது
பிறகுதான் தெரிகிறது.

வெளியே வருகிறார்கள்.
தூங்குகிறான், வாய் திறந்து,
சத்தமில்லாமல் வந்து போகிறது காற்று.
இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கை நீட்டுகிறேன்.
சாணவாசம்.
தொப்பியில் ஒரு வைக்கோல் ஒட்டியிருக்கிறது.

எடுப்பதா, விடுவதா, தெரியவில்லை.
காருக்குப் போகும் வரை
விட்டுவைத்தேன்.